தண்டபாணி கேட்காமல் விட்டவை

கோயமுத்தூரின் கணபதி பகுதிக்குப் பின்னால் இருக்கும் கருப்பராயன் கோயில் வீதியில் இரும்பு சத்தம் போட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை என்று வீதியின் கிழக்குப் பாதியும், இல்லவே இல்லை, அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை என்று மேற்குப் பாதியும் இன்றுவரை சாதிக்கின்றன. ஆனால் முதலில் சத்தம் போட்டது ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஆறுக்குட்டி வீட்டு கேட் என்பதிலும், அது போட்டது கொசுச் சத்தம் என்பதிலும், கோயமுத்தூரில் கொசுவே ஒழிந்துவிட்டது என்று அதே வாரத்தில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த ஒரே ஆள் எதிர்வீட்டுத் தண்டபாணிதான் என்பதிலும் இரண்டு பாதிக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

தண்டபாணிக்கு முப்பத்துநாலு வயது. பிறந்ததிலிருந்தே ரத்தம் ஒழுங்காக ஊறாத உடம்பு. தலசீமியா என்று அதற்குப் பெயர். மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் முகம் தெரியாத யார் யாருடைய ரத்தத்தையோ ஏற்றிக்கொண்டு வருவான். வருகிற ரத்தத்தோடு இரும்பும் வரும், வந்த இரும்புக்கு வெளியே போக வழி தெரியாது, ஈரலிலும் இருதயத்திலும் போய்ச் சட்டமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் வாரத்தில் ஐந்து நாள் வயிற்றுத் தோலுக்கடியில் ஊசியைக் குத்தி, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பம்பை இடுப்பில் கட்டிக்கொண்டு, விடியும்வரை சொட்டுச் சொட்டாக ஒரு மருந்தை உள்ளே விடவேண்டும். அந்த மருந்து இரும்பைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போகும். காலையில் சிறுநீர் பாலில்லாத கட்டங்காப்பி போலச் செம்பழுப்பாகப் போனால் தண்டபாணிக்கு அன்றைக்கு நல்ல நாள். என்னைப் பழைய இரும்புக் கடையில் போட்டால் தராசு தாங்காது என்று அவனே சொல்லிச் சிரிப்பான். தன்னைப் பற்றிப் பிறர் சிரிப்பதற்குள் தானே சிரித்து முடித்துவிடுவது அவனுக்குச் சின்ன வயதிலேயே கைவந்த வித்தை.

சிரிக்க விடாத ஒரே விஷயம் அவன் காது. லோகநாதன் என்பவர் வைத்திருந்த மோட்டார் பம்பு பட்டறையில் அவனுக்கு வேலையே கேட்பதுதான். கட்டி முடித்த மோட்டாரை ஓடவிட்டு, ஒரு முழ நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கும் எலும்பில் அழுத்தி, கண்ணை மூடி நின்று, உள்ளே குண்டுகள் உருளும் சத்தத்தில் ஒரு மயிரிழை கீச்சல் இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவான். பழுதில்லையென்றால் சாக்பீஸால் ஒரு சுழி போடுவான். தண்டபாணி சுழி போட்ட மோட்டார் திரும்பி வந்ததில்லை என்று பட்டறையில் ஒரு பெருமை இருந்தது. காதுக்காரர் என்றுதான் அங்கே அவனைக் கூப்பிட்டார்கள். உடம்பில் மற்ற எல்லாம் இரவல், காது மட்டும் சொந்தம் என்பது அவன் கணக்கு.

இந்த மருந்து சிலருக்கு, எல்லாருக்கும் அல்ல, காதைக் கொஞ்சம் பாதிக்கலாம், முதலில் மெல்லிய கீச்சுச் சத்தங்கள்தான் போகும், காதுக்குள் ரீங்காரம் கேட்டாலும் உடனே வந்து சொல்லுங்கள் என்று டாக்டர் ஹேமலதா ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் அனுப்பினார். தண்டபாணியும் தலையை ஆட்டிவிட்டுத்தான் வந்தான். அந்த 'சிலர்' என்பவர்கள் திருப்பூர்ப் பக்கம் எங்கோ இருக்கிறார்கள் என்று அவனாக முடிவு செய்துகொண்டான்.

அப்படியிருக்கும்போதுதான் கொசு ஒழிந்தது. பிறகு குயில் ஒழிந்தது, அதற்கு மரம் வெட்டுகிறவர்களைத் திட்டினான். பிறகு குக்கர் விசில் ஒழிந்தது. மூன்று விசில் வந்ததும் அடுப்பை அணையுங்கள் என்று சொல்லிவிட்டு அவன் மனைவி சுகந்தி குளிக்கப் போன காலையில், அடுப்புக்குப் பக்கத்திலேயே நின்று விசிலுக்காகக் காத்துக் காத்துப் பருப்பைக் கரியாக்கினான். அவன் கேட்காமல் விட்ட பதினோரு விசிலும் அன்று சாயங்காலம் ஆறுக்குட்டி வீட்டு கேட்டிலிருந்து வரிசையாக வந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் அடுப்பைப் பார்க்க உள்ளே ஓடினார்கள். ஆறுக்குட்டி கேட்டுக்கு மூன்றாவது தடவையாக கிரீஸ் அடித்தார்.

காரணம் என்ன என்று வீதி ரொம்ப நேரம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இரும்பு அவன் உடம்பை விட்டுப் போகிறது, போகும்போது காதில் விழ வேண்டிய சத்தத்தையும் ஒட்டிக்கொண்டு போகிறது, போன சத்தம் பக்கத்தில் எந்த இரும்பு இருக்கிறதோ அதில் போய்த் தங்குகிறது, இரும்பு இரும்போடுதானே சேரும் என்று டீக்கடையில் யாரோ சொன்னார்கள், கேட்டவர்கள் நியாயம்தான் என்று சொல்லிவிட்டு வடைக்குச் சட்னி கேட்டார்கள். அதற்குப் பிறகு அவர்களுடைய கவலையெல்லாம் இதை வைத்துக்கொண்டு எப்படிக் குடித்தனம் செய்வது என்பதுதான்.

கருப்பராயன் சன்னதியில் நட்டிருந்த அரிவாள்கள் ஒரு வாரம் கொசுவாக ரீங்கரித்தபோது, சாமி சாக்கடையைப் பற்றித்தான் பேசுகிறது என்று பூசாரி விளக்கம் சொன்னார். வீதியே திரண்டு மாநகராட்சிக்குப் போய்க் கேட்டதில், ஒன்பது வருஷமாக வராதவர்கள் வந்து சாக்கடையைத் தூர்வாரிவிட்டுப் போனார்கள். இஸ்திரி வண்டிக்காரரின் பெட்டிக்குள் குயில் கூவியது, அவர் சட்டை தேய்க்கும்போது அதற்கு எதிர்ப்பாட்டு விசிலடித்துப் பழகிக்கொண்டார். பள்ளிக்கூட வேனின் ஹாரன் ஒரு வீட்டு மொட்டைமாடிக் கம்பியில் தங்கி, லீவு நாளிலும் எட்டே காலுக்குக் குழந்தைகளை எழுப்பிவிட்டது. அந்த வீட்டுக்காரர் மட்டும் கம்பியை எடுத்துவிட்டு மூங்கில் கட்டினார், மற்றவர்கள் அவரைப் பணத்திமிர் பிடித்தவர் என்றார்கள்.

பிறகு பேச்சும் போக ஆரம்பித்தது. மெல்லிய குரலில் தண்டபாணியிடம் சொன்னதெல்லாம் அவன் காதுக்குள் போகாமல் பக்கத்து இரும்பில் இறங்கி, யாராவது காதை வைத்தால் சொன்னது சொன்னபடி கேட்டது. இதன் பயனை முதலில் கண்டுபிடித்தவர் ஆறுக்குட்டி. அவருக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மகனுடைய போன் நம்பர், மாத்திரை தீர்ந்த தேதி, சாவி வைத்த இடம் எல்லாவற்றையும் காலையில் தண்டபாணியைக் கேட்டோரம் நிறுத்தி மெதுவான குரலில் சொல்லுவார். தண்டபாணி, தான் கேட்கவில்லை என்பது தெரிந்துவிடக்கூடாதென்று, சரிங்கண்ணா சரிங்கண்ணா என்று முகம் நிறையச் சிரித்துக் கேட்டுக்கொள்வான். சாயங்காலம் வேண்டும்போது ஆறுக்குட்டி கேட்டில் காதை வைத்து நம்பரைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இதைப் பார்த்துப் பெண்கள் மளிகைச் சாமான் பட்டியல் சொன்னார்கள். ஒரு கல்லூரிப் பெண் தாவரவியல் பாடம் முழுவதையும் அவனிடம் கிசுகிசுத்துவிட்டுப் பரீட்சைக்குப் போகும் வழியில் கேட்டில் கேட்டுக்கொண்டு போனாள். தன்னிடம் வீதியே இப்படி மனம்விட்டுப் பேசுகிறதே, நமக்கு அப்படியொரு முகராசி போல என்று தண்டபாணி நினைத்துக்கொண்டான். அவனுக்குக் காது கேட்காது என்பது அந்த வீதியில் சுகந்தியைத் தவிர நாய் முதற்கொண்டு எல்லாருக்கும் தெரியும், அவன் ஒருவன்தான் அதை ரகசியமாகக் காப்பாற்றி வந்தான்.

காப்பாற்றுவது லேசான வேலையில்லை. யார் என்ன சொன்னாலும் தப்பித்துக்கொள்ள மூன்று பதில் தயார் செய்து வைத்திருந்தான். முதலாவது 'சரி'. அது பொருந்தாது என்று எதிரே இருப்பவர் முகம் காட்டினால் 'தாராளமா'. அதுவும் பொருந்தாதென்றால் 'ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்'. உலகத்தில் மனிதர்கள் கேட்கிற கேள்விகளில் முக்கால்வாசிக்கு இந்த மூன்றே போதும் என்பதைக் கண்டுபிடித்தபோது அவனுக்கே தன் மூளையை நினைத்துப் பெருமையாக இருந்தது. வருஷாந்திரக் காதுப் பரிசோதனையிலும் மூளைதான் கைகொடுத்தது. கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள்; அவன் சத்தத்தைத் தேடாமல், வெளியே கருவியை இயக்கிய பெண்ணின் தோள்பட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் அசைந்தபோதெல்லாம் அழுத்தினான். காது பிரமாதம் என்று வந்த அறிக்கையை லேமினேஷன் செய்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தான். அதை நம்பியவள் சுகந்தி ஒருத்திதான்.

இவ்வளவு கோமாளித்தனமும் எதற்கென்றால், பயத்துக்குத்தான். காது போகிறது என்று சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், மருந்தை நிறுத்தினால் இரும்பு இருதயத்துக்குப் போகும். ஆஸ்பத்திரியில் அவனோடு பக்கத்துக் கட்டிலில் வருஷக்கணக்காக ரத்தம் ஏற்றிக்கொண்ட ஒருவர், ஊசி அலுத்துப்போய் மருந்தைப் பாதியில் விட்டார். ஒரு தீபாவளிக்கு அடுத்த வாரம் அந்தக் கட்டில் காலியாக இருந்தது. சொன்னால் உயிர் போகும், சொல்லாவிட்டால் காதுதான் போகும் என்று தண்டபாணி தராசில் நிறுத்திப் பார்த்தான். தராசு சரிதானா என்று டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்பது மட்டும் அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

பட்டறையில் நிலைமை முற்றிக்கொண்டிருந்தது. அவன் கேட்கத் தவறிய கீச்சலெல்லாம் லேத்திலும் வைஸிலும் சுத்தியலிலும் இறங்கி, இரும்பைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்த இடம் நாள் முழுக்க வீறிட்டது. ஆட்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். இரைச்சலில்லாமல் நிம்மதியாக இருந்த ஒரே ஆள் தண்டபாணி. அன்னூர் பக்கம் ஒரு விவசாயிக்கு அவன் சுழி போட்டு அனுப்பிய மோட்டார் மூன்றாம் நாள் இறுகி நின்று, வாழைத்தோப்பு காய்ந்தது. மோட்டார் திரும்பி வந்தது. லோகநாதன் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, மனது நோகாதபடி தணிந்த குரலில், காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். தண்டபாணி சரிங்க என்றான். அவர் முகம் மாறவில்லை. தாராளமாங்க என்றான். லோகநாதன் அவனை மோட்டாருக்கு பெயிண்ட் அடிக்கிற பக்கம் மாற்றினார். அங்கே இருப்பவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கத் தன்னை அனுப்புகிறார் போலிருக்கிறது என்று அவன் வீட்டில் சொன்னான்.

வீட்டில் சுகந்தி அதற்கு ஏதோ சொன்னாள். சுகந்தி ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பு டீச்சர். நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பகலெல்லாம் கத்திவிட்டு வருவதால் வீட்டுக்குள் வந்ததும் குரலை இறக்கி வைத்துவிடுவாள், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் அளவில்தான் பேசுவாள். கல்யாணமான புதிதில் தண்டபாணிக்கு அந்தக் குரல்தான் அவ்வளவு பிடித்திருந்தது. தினமும் எட்டு மணிக்கு இரும்புக் கட்டிலில் அவனைப் படுக்கவைத்து, வயிற்றில் நேற்று குத்தாத இடமாகப் பார்த்து ஊசியை ஏற்றிவிட்டு, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசுவது அவள் வழக்கம். அவள் உதடு அசைவதை அவன் பார்ப்பான். சரி என்பான். சில நாள் தாராளமா என்பான். கொஞ்ச நாளாக அவள் பேசுவது குறைந்திருந்தது, அதனால் அவனுக்கு வேலையும் குறைந்திருந்தது, அதை அவன் ஒரு வசதியாகத்தான் எடுத்துக்கொண்டான்.

இப்படி ஆறு மாதம் ஓடி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சுகந்தி பெரிய பையோடு வாசலில் நின்று ஏதோ சொன்னாள். தண்டபாணி செய்தித்தாளிலிருந்து நிமிர்ந்து தாராளமா என்றான். அவள் அவனையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுப் போனாள். உழவர் சந்தைக்குப் போகிறாள் என்று நினைத்தான். பன்னிரண்டு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று. பசி எடுத்தபோதுதான் அலமாரியைத் திறந்தான். தட்டைத் தேடி ஏன் துணி அலமாரியைத் திறந்தான் என்று அவனுக்கே தெரியாது, ஆனால் அதில் அவள் சேலை அடுக்குகிற தட்டு காலியாக இருந்தது.

வெளியே ஓடிவந்து, எதிரே நின்ற ஆறுக்குட்டியிடம் சுகந்தியைப் பார்த்தீர்களா என்று கேட்டான். ஆறுக்குட்டி தன் கேட்டைக் காட்டினார். கேட்டில் அவன் காதை வைத்தான், ஒன்றும் கேட்கவில்லை. உன்னை விட்டுப் போன சத்தம் உனக்குக் காது வழியாகக் கேட்காது, எலும்பு வழியாகக் கேட்டுப் பார் என்பதுபோல் ஆறுக்குட்டி தன் கன்னத்து எலும்பைத் தொட்டுக் காட்டினார். தண்டபாணி வீட்டுக்குள் போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். கேட்டுக்கு வரவில்லை. அவள் பேசியதெல்லாம் எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.

கட்டிலின் சட்டத்தில் முனையை வைத்து, பிடியை எலும்பில் அழுத்திக் கண்ணை மூடினான். அவள் குரல் அங்கே இருந்தது, பழைய குரல், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமான குரல். முதலில் சில்லறைக் கதைகள்: வகுப்பில் ஒரு பிள்ளை கோந்தைத் தின்றது, தலைமையாசிரியர் கீழே விழுந்து விழாத மாதிரி எழுந்தது. அவனுக்கு அங்கேயே சிரிப்பு வந்தது, ஆறு மாதம் தாமதமாகச் சிரித்தான். பிறகு அவள் பேசுவதற்கு நடுவே இடைவெளிகள் வந்தன. கட்டில் அவன் கேட்காததை மட்டும்தான் வைத்திருந்தது, அவன் சொன்ன பதில்களை வைத்திருக்கவில்லை. ஆனால் பதில்கள் அவனுக்கு மனப்பாடம், மொத்தமே மூன்றுதானே.

"எனக்கு உங்க ஹார்ட் ரிப்போர்ட்டு வர்றவரைக்கும் தூக்கமே வர்றதில்லீங்க," என்றது கட்டில். சரி.

"பயமா இருக்குதுன்னு சொல்றேன். ஒரு வார்த்தை சொன்னா என்னங்க." தாராளமா.

"நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இந்த வீட்டுல நான் இருக்கறது உங்களுக்குத் தெரியுதுங்களா?"

தண்டபாணி ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிடப் பார்த்தான், எடுக்க முடியவில்லை. அதற்கு அவன் சொன்ன பதில் அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அன்றைக்கு 'சரி'க்கு அவள் முகம் சரியாகவில்லை, 'தாராளமா'வுக்கும் ஆகவில்லை, ஆகவே ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் என்று சொல்லி, தப்பித்த சந்தோஷத்தில் அவள் கையைத் தட்டிக்கூடக் கொடுத்திருந்தான். அதற்குப் பிறகு கட்டிலில் ரொம்ப தூரத்துக்குப் பேச்சில்லை. கடைசியாக ஒன்றே ஒன்று இருந்தது. முந்தின ராத்திரி, கோபியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விடட்டுமா என்று அவள் கேட்டிருந்தாள், அதற்கும் தாராளமா. அதைக் கேட்டபோது அவனுக்குத் தன்னைப் பற்றிச் செய்துகொள்ள ஒரு கேலிகூட அகப்படவில்லை. உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் ரத்தம் ஏற்றிக்கொள்ளும் நாள். போகும்போது ஆறுக்குட்டியிடம் நின்று, ஊருக்கே அறிவிப்பதுபோல், தனக்குக் காது கேட்பதில்லை என்று சொன்னான். ஆறுக்குட்டி கத்திப் பேசினார். "தெரியுமுங் கண்ணு. வீதிக்கே தெரியும். நீ சங்கடப்படுவீன்னுதான் ஆரும் சொல்லுல." சொல்லிவிட்டு, குணமாகிவிட்டால் தன் மகன் நம்பரை எங்கே வைப்பது என்று உண்மையான கவலையோடு கேட்டார். பாட்டரி டார்ச்சுக்கு அடியில் எழுதி ஒட்டுங்கள் என்று தண்டபாணி யோசனை சொன்னான்.

டாக்டர் ஹேமலதாவிடம் லேமினேஷன் அறிக்கையை நீட்டி, இது பொய், நான் தோள்பட்டையைப் பார்த்து அழுத்தினேன் என்றான். அவர் பார்த்த பார்வையில் திட்டு முழுவதும் அடங்கியிருந்தது. மறுபடி கண்ணாடி அறை. இந்த முறை கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கேட்டதற்கு மட்டும் அழுத்தினான். ரொம்ப நேரம் அவன் விரல் சும்மாவே இருந்தது.

டாக்டர் கோட்டுப்படத்தை அவன் முன்னால் வைத்து, நிறுத்தி நிறுத்திச் சத்தமாகச் சொன்னார். "இரும்பு நல்லாக் குறைஞ்சிருக்கு. இவ்வளவு மருந்து உங்களுக்கு இப்பத் தேவையே இல்லை. காதைப் பத்தி அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே அளவைக் குறைச்சிருப்பேன். இதுவா அதுவான்னு உங்களை யார் தேர்ந்தெடுக்கச் சொன்னது?" அளவைக் குறைத்தார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை காதைப் பார்க்கவேண்டும் என்றார், தேவைப்பட்டால் மாத்திரைக்கு மாற்றலாம், அதிலும் காதைக் கவனிக்கத்தான் வேண்டும் என்றார். போனது திரும்புமா என்று கேட்டான். அதற்கு உறுதி சொல்ல முடியாது, இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், காதுக்கருவி இருக்கிறது, மனிதர்களிடம் கேட்கவில்லை என்று சொல்வதும் இருக்கிறது என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

ஏற்றிய ரத்தத்தின் தெம்போடு காந்திபுரத்தில் பஸ் ஏறி, வெயில் தாழ கோபியில் இறங்கினான். மாமியார் வீட்டு முற்றத்தில் சுகந்தி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் ஒரு சேலையை எடுத்து முகத்துக்கு முன்னால் மடிக்க ஆரம்பித்தாள். வழியெல்லாம் அவன் ஒத்திகை பார்த்து வைத்திருந்த நீண்ட பேச்சு ஒன்று இருந்தது, அதில் இரண்டு மூன்று நல்ல நகைச்சுவைகூட இருந்தது.

"எனக்குக் காது கேக்கறதில்ல, சுகந்தி," என்றான். "மருந்துனால. ஆறு மாசமா. நீ சொன்னது எதுவும் எனக்குக் கேக்கலை. கேட்ட மாதிரி நடிச்சேன்."

சேலை இறங்கியது. அவள் வாய் அசைந்தது. அவன் தொண்டைவரை 'சரி' வந்தது, பழகிய வார்த்தை, வழுக்கிக்கொண்டு வந்தது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கினான்.

"கேக்கலை. இன்னொருக்கா சொல்லு."

அவள் சொன்னாள். அவனுக்குக் கேட்கவில்லை, அதையும் சொன்னான். சுகந்தி துணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, நாற்பத்திரண்டு பிள்ளைகளை அடக்குகிற குரலை எடுத்தாள். வீட்டுக்குள் மாமியார் பாத்திரத்தை நழுவவிட்டார், இரண்டு பக்கத்து வீடுகளிலும் ஆட்கள் வெளியே வந்து நின்றார்கள்.

"நான் இருக்கறது உங்களுக்குத் தெரியுதான்னு கேட்டேன்."

அத்தனை பேர் பார்க்க தண்டபாணிக்கு வெட்கமாகப் போயிற்று. தெரியுது என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

கோபியிலேயே கூர்மையான காது சுகந்திக்கு. சுவருக்கு அந்தப்பக்கம் பால் பொங்கினால் இங்கிருந்து சொல்லுவாள். அவள் கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு ஓரடி பக்கத்தில் வந்தாள்.

"கேக்கலைங்க," என்றாள். "இன்னொருக்கா சொல்லுங்க."

அவன் சொன்னான். இன்னும் சத்தமாகச் சொன்னான். விளக்கு வைக்கிற நேரம்வரை அவளுக்குக் கேட்கவேயில்லை.